முன் டயர் காலி

சென்னகிருஷ்ணனின் இடது கை செயினைப் பிடித்திருந்தது. வலது கையில் மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷ். ஒரு கண்ணியைத் தேய்ப்பார், துணியால் துடைப்பார், பின்சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி அடுத்த கண்ணியை எடுப்பார். ஒன்றைக்கூட விடவில்லை. வண்டி வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதை ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரமே அதிகம்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகள் எட்டுக்கும் பொதுவான குழாயடியில் அவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பிடிக்க வந்த மாரிமுத்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி சடை பின்னி விடுதீகளா?"

"வழியில அறுந்துட்டா என்னாப்பா பண்றது?"

"அறுந்தா இறங்கித் தள்ளணும். அம்புட்டுத்தானே."

"பின்னாடி லாரி வந்துட்டா?"

மாரிமுத்து சிரித்தான். சென்னகிருஷ்ணனின் கேள்விகள் எங்கே தொடங்கினாலும் அந்த லாரியில்தான் வந்து முடியும்.

இது 2006 ஆகஸ்டில் நடந்தது. அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தளிக்கு அப்பால் ஜவளகிரிப் பக்கம் பிறந்தவர். காட்டோரத்து ராகிக் கொல்லைகளுக்குக் கூலிக்குக் காவல் இருந்த குடும்பம். இளவயதிலிருந்தே அவரும் அண்ணன் கரியப்பனும் ஒரே பரணில் காவல் இருந்தார்கள். பூச்சிகளின் சத்தம் சட்டென்று நின்றால் யானை கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது வயிற்றுக்குள் ஏதோ இறுகும். இறுகினால் பரணைவிட்டு இறங்கக் கூடாது. ஒரு நாள் இறுகியது, தம்பி இறங்கவில்லை. அண்ணன் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு இறங்கினார். மறுநாள் அவரைத் துணியில் கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு சென்னகிருஷ்ணன் ஓசூருக்கு வந்தார். ஒன்பது வருடம் ஒப்பந்தத் தொழிலாளி. பெட்டி ஏற்றுவது, இரும்புச் சுருள் உருட்டுவது, கூப்பிட்ட தொழிற்சாலைக்கு சைக்கிளில் போய் நிற்பது. அந்த வருடம்தான் ஒரு கம்பெனி அவர் பெயரை நிரந்தரப் பட்டியலில் எழுதியது. கம்பெனி இருந்தது பேரிகைக்குப் பக்கத்தில். எங்கள் வீடுகளிலிருந்து பாகலூர் வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர். முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். கம்பெனி பஸ் ஓசூரிலிருந்து இன்னும் விடவில்லை. ஒரு நாள் சைக்கிளில் போய்விடலாம். தினமும் போனால் பெட்டி தூக்க உடம்பில் ஒன்றும் மிஞ்சாது.

சூப்பர்வைசர் தீர்த்தகிரி அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "பதினாலு நாள் டைம் தர்றேன். ரெண்டாவது திங்கக்கிழமை காலையில ஆறுக்குள்ள கார்டு பஞ்ச் ஆவணும். ஆவலைன்னா லிஸ்ட்ல அடுத்த பேரு இருக்குது. எங்கிட்ட வந்து நிக்காத."

அதனால்தான் வண்டி. அதுவரை அவர் இருசக்கர மோட்டார் எதிலும் பின்னால்கூட உட்கார்ந்தவர் இல்லை.

வண்டி கமலக்கண்ணனுடையது. கோவில்பட்டிப் பக்கத்து ஆள், லேத் ஆப்பரேட்டர், மாரிமுத்துவுக்கு ஊர்ப்பழக்கம். ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வேலையை விட்டுவிட்டு ஒரே நாளில் கிளம்பினார். போகிற அவசரத்தில் வண்டியைக் கொடுத்தார். ஆனால் நேர்மையான மனிதர். வண்டியின் நல்லது கெட்டதை ஒரு காகிதத்தில் எழுதி, பக்கவாட்டு மூடிக்குள் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சோக் இழுத்து நான்கு உதை, ஸ்டார்ட் ஆனதும் சோக்கைத் தள்ளவும். ரிசர்வ் விழுந்தால் இருபது கிலோமீட்டர்தான். கிளச் ஒயர் புதுசு. முன் டயர் காலி, முதலில் அதைப் பார்க்கவும்.

சென்னகிருஷ்ணன் வீட்டில் பேசுவது தெலுங்கு. எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ், ஐந்தாம் வகுப்பு வரை. தெலுங்கில் காலி என்றால் காற்று. முதல் எழுத்தை, கோவிந்தன் என்று கூப்பிடுகிறபோது வருகிற அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். தமிழில் எழுதிவிட்டால் இரண்டு காலிக்கும் ஒரே எழுத்து. காலிக்குடம், காலிவீடு எல்லாம் அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டயர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்தபோது அவருக்குக் காற்றுதான் கேட்டது. முன் டயரில் காற்று, முதலில் அதைப் பார்க்க வேண்டும். நல்ல அறிவுரை என்று எடுத்துக்கொண்டார்.

கமலக்கண்ணன் எழுதியது, அந்த டயர் முடிந்துவிட்டது, மாற்றிவிட்டு வண்டியில் ஏறு என்று.

அந்தக் காகிதத்தை அப்போது வேறு யாரும் படிக்கவில்லை. சென்னகிருஷ்ணன் அதில் இருந்ததை ஒரு வரி விடாமல் செய்தார். தினமும் காலையில் வண்டியைப் பெட்ரோல் பங்க்வரை தள்ளிக்கொண்டு போய் முன் டயருக்குக் காற்று பிடித்தார். "ரெண்டு பாயிண்ட் கூடவே வைப்பா, இருக்கட்டும்" என்பார். திரும்பி வரும்போது அவர் மனைவி ரங்கம்மா வாசலிலிருந்து கேட்பாள்: "காலி கொட்டிஸ்திவா?" காற்று அடித்தாயிற்றா என்பதுதான் கேள்வி. "ஆச்சு" என்பார்.

மற்ற வேலைகளும் ஒழுங்காக நடந்தன. எஞ்சின் ஆயில் மாற்றினார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார். ரங்கம்மாவின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கச் சேலைக் கார்டு போட்டார். இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டினார். பின்னால் வருவது தெரிய வேண்டும். மாரிமுத்து மாலை நேரங்களில் தொழிற்பேட்டைச் சாலையில் அவருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தான். ஊரில் வண்டி வைத்திருந்தவன், இங்கே வேறொரு கம்பெனியின் பஸ்ஸில் போகிறவன். முதல் நாள் அவனே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "குதிரை கணக்கா இருக்கு அண்ணாச்சி" என்று இறங்கியவன், அதற்குப் பிறகு ஏறவில்லை. ஓரத்தில் நின்று கத்துவதோடு சரி.

ஐந்தாம் நாளிலிருந்து சென்னகிருஷ்ணன் சொல்ல ஆரம்பித்தார். "ஹேண்டில் ஆடுதுப்பா."

"எப்ப ஆடுது?"

"முப்பதைத் தாண்டினா. கையில டக்டக்குனு தட்டுது."

"வண்டி ஆடல அண்ணாச்சி. நீங்கதான் ஆடுதீக. யானைக்குப் பயந்த உடம்பு, சக்கரத்துக்கும் பயப்படுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு பாயிண்ட் காற்று கூட வைத்தார்.

நான் அந்த வரிசையில் கடைசி வீடு. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டோடு பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டரம்மா. எட்டாம் நாள் அவர் என் வாசலில் வந்து நின்றார். முகம் வற்றியிருந்தது. நான்கு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை என்று ரங்கம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

"சிஸ்டரம்மா, எனக்குக் கை நடுங்குதான்னு கொஞ்சம் பாருங்க."

இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னேன். விரல்மேல் ஒரு செய்தித்தாள் பக்கத்தைப் போட்டேன். நடுக்கம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாததைத் தாளின் ஓரம் காட்டிவிடும். ஒரு நிமிடம் வைத்திருந்தேன். தாள் அசையவில்லை. நாடி எண்பத்தாறு.

"ஒண்ணுமில்ல. தூக்கம் போதாது. டீயைக் குறையுங்க. பழகினா பயம் போயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

தாள் அசையவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும், ஆடுவது அவர்தான் என்று ஊர் சொன்னதையே நானும் சொன்னேன். எத்தனையோ வீடுகளில், நோயாளி ஏதோ சரியில்லை என்று சொன்னால் முதலில் அதை எழுதி வை என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. அவர் தனியாகப் பாகலூர் சாலையில் வண்டியை எடுத்தார். திங்கட்கிழமைக்கு முன்பு ஒரு முறையாவது அந்தச் சாலையைப் பார்த்துவிட வேண்டும் என்று. கல்குவாரி லாரிகள் போகிற சாலை அது. ஐந்து கிலோமீட்டர் போயிருப்பார். பின்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தது. வழிவிட வேகத்தைக் கூட்டினார். நாற்பதைத் தொட்டதும் ஹேண்டில் இரண்டு பக்கமும் உதறியது. லாரியின் முன்சக்கரம் அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். அந்தச் சக்கரத்தின் போல்ட்டுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது என்றார். லாரி கடந்து போனது. அவர் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தி, இறங்கி, புளியமரத்தடியில் வாந்தி எடுத்தார். பிறகு அந்த ஐந்து கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ரங்கம்மா மோரைக் கொடுத்தாள்.

"நான் போவல" என்றார். "பழைய வேலைக்கே போயிடறேன்."

ரங்கம்மா மோர் டம்ளரைத் திரும்ப வாங்கினாள். ஒன்பது வருடம் அவர் எந்த கேட்டில் எத்தனை மணிக்கு நின்றார் என்பது அவளுக்குத்தான் தெரியும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நாளைக்குப் பூசை போட்டுடலாம். அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பூசை. சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் ஒரு முழம் சாமந்தி. மாரிமுத்துவின் மனைவி வீரலட்சுமி எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாள். வாய் ஓயாதவள்.

"அண்ணாச்சி, பழத்தைச் சக்கரத்துக்கு வைக்கவா, உங்க காலுக்கு வைக்கவா? நசுங்க வேண்டியது எதுன்னு சொல்லுங்க."

சென்னகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். செயின் எண்ணெய் பட்டு எழுத்துகள் மங்கியிருந்தன.

"இதுல ரிசர்வு இருபதா, இருபத்தஞ்சான்னு படிம்மா. வழியில நின்னுட்டா லாரி வரும்."

வீரலட்சுமி வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தாள். சோக், நாலு உதை, ரிசர்வ் இருபது, கிளச் ஒயர். "முன் டயர் காலி, முதல்ல..." அங்கே நிறுத்தினாள். "ஏங்க, டயரு காலியாம்லா!"

"காலி இல்லம்மா, *கா*லி" என்றார் சென்னகிருஷ்ணன், முதல் எழுத்தில் அழுத்தி. "காத்து. நான் தினம் பிடிக்கிறேனே."

"காத்துன்னா காத்துன்னு எழுதிருப்பாருல்லா? எங்க ஊர்ல காலின்னா போச்சுன்னு அர்த்தம். அரிசி காலி, எண்ணெய் காலி, டயரு காலி."

மாரிமுத்து காகிதத்தை வாங்கி அவனே ஒரு முறை படித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எஞ்சினுக்கு அடியில் செங்கலும் பலகையும் வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார்கள். மாரிமுத்து சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். மட்கார்டுக்குள் எதுவோ உரசியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, சரக், சரக் என்று. எஞ்சின் ஓடும்போது அது காதில் விழ வழியில்லை.

மெல்ல உருட்டி அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். தரையைத் தொடும் பட்டையின் நடுவே நெல்லிக்காய் அளவு மேடு. அதன்மேல் ஒரு வெட்டு. பசை வைத்து மூடி, கறுப்பு பூசியிருந்தது. மாரிமுத்து காற்றை இறக்கினான். பக்கத்து வீட்டில் இரண்டு பட்டை இரும்பு கேட்டு வாங்கி வந்து டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்தான். உள்ளே, வேறொரு பழைய டயரிலிருந்து வெட்டிய உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தால் அடியில் நூல்கள் எல்லாம் அறுந்து கிடந்தன. டியூப் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் பிதுங்கி, அந்த ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று மெலிந்திருந்தது.

மேல்தோல் மூடி உள்ளே குழிந்த படுக்கைப்புண்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான். அதன்மேல் அவர் பன்னிரண்டு நாளாகக் காற்றை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், பத்திரத்துக்காக.

ரங்கம்மா அந்த மெலிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

மாரிமுத்துவுக்குக் குற்ற உணர்ச்சி. குற்ற உணர்ச்சி வந்தால் மனிதர்கள் உடனே ஏதாவது ஏற்பாடு சொல்வார்கள். "இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எந்தக் கடை இருக்கும்? துண்டை மறுபடி வச்சு மாட்டிருதேன். காத்தைக் குறைச்சுக்கிடுவோம். நாளைக்கு ஒரு நாள் இருபதுலயே ஓட்டிப் போயிருங்க. சாயங்காலம் வந்து மாத்திக்கிடலாம்."

"ஒரு நாள்தானே" என்று வேறு யாரோ சொன்னார்கள்.

சென்னகிருஷ்ணன் ரங்கம்மாவைப் பார்த்தார். அவள் தெலுங்கில் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "உத்யோகம் போத்தே?" வேலை போய்விட்டால்?

அவர் உதடுகள் வெளுத்திருந்தன. உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தார். பிரேக் ஒயரைக் கழற்றினார், ஸ்பீடாமீட்டர் ஒயரைக் கழற்றினார், அச்சை உருவினார். கை சீராக வேலை செய்தது. சக்கரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். மனசு மாறினாலும் சட்டென்று மாட்ட முடியாது என்று ஆக்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கோவமா?" என்றான் மாரிமுத்து.

"கோவம் இல்ல மாரி. இத்தனை நாளா அது எனக்குச் சொல்லிச்சு. நீங்க எல்லாம் சேர்ந்து நான் ஆடுறேன்னீங்க. நானும் சரின்னுட்டேன்." என் பக்கமும் ஒரு முறை பார்த்தார்.

"அப்ப நாளைக்கு?"

"சைக்கிள்ல போறேன்."

"இருபத்திரண்டு கிலோமீட்டரா? அந்த இருட்டுல? அந்த லாரிக்கு நடுவுலயா?"

"சைக்கிள்னா லாரி வந்தா இறங்கி மண்ணுல நிக்கலாம்" என்றார். அதிலும் அவருக்குப் பயம்தான். எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இது அவருக்கு அளவு தெரிந்த பயம்.

திங்கட்கிழமை மூன்றேமுக்காலுக்குச் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். டார்ச்சை ஹேண்டிலில் துணியால் கட்டியிருந்தார். முதுகில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பின்னூசி போட்டுக் குத்தியிருந்தாள் ரங்கம்மா, பின்னால் வருபவன் கண்ணில் படுவதற்கு. வெளிச்சம் தெருமுனை திரும்பும் வரை நின்றாள். உள்ளே போகவில்லை. பாகலூர் சாலையில் ஏறிய பிறகு ஒவ்வொரு லாரிக்கும் இறங்கி ஓரத்தில் நின்றாராம். பதினேழு முறை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று தோன்றியதாம். ஐந்து ஐம்பதுக்கு கார்டு பஞ்ச் ஆகியிருந்தது. தீர்த்தகிரி அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்து, "வண்டி வாங்கினேன்னியே, எங்கய்யா?" என்று கேட்க, "சக்கரம் இல்லாம வீட்ல நிக்குதுங்க" என்றிருக்கிறார். கேட்டில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு மாலையில்தான் தெரியும். காலையில் ஒன்றும் தெரியாது. ஒன்பது மணிக்கு ரங்கம்மா சக்கரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குக் கிளம்பினாள். தனியாகத் தூக்குவது சிரமம் என்று நானும் கூடப் போனேன். டவுன் பஸ்ஸில் சக்கரத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள். வழியில் ஒரு ஆம்புலன்ஸ் எதிரே வந்து கடந்து போனது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். அது போன திசை பாகலூர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டாள்.

கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மேலிருந்து ஒரு டயரை எடுத்துப் போட்டார். "செகண்ட்ஸ்தாம்மா. ஆனா பாருங்க, பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்குது."

ரங்கம்மா டயரின் மேற்பரப்பில் இருந்த பட்டன் வெட்டுகளைப் பார்க்கவில்லை. டயரை மடியில் நிறுத்தி, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுச் சுற்றும் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது. திரும்பி வந்து அதே இடத்தில் இன்னொரு முறை தடவினாள். பிறகு அதைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு, காகிதம் சுற்றியிருந்த புதிய டயர் ஒன்றைக் காட்டினாள். அவர் அதை எடுத்துக் கொடுத்ததும் காகிதத்தைப் பிரித்து, அதற்குள்ளும் கையை விட்டாள்.